ஒரே பொன்னாடையில் இரண்டு நன்றிகள்: யாழ்ப்பாணத்தில் ஒரு கௌரவிப்பு விழா பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வணிகமும் முகாமைத்துவமும் கற்பிக்கும் ஒரு கல்விக்கூடம், சாதித்த பழைய மாணவர்களையும் தனக்குக் கொடை தந்தவர்களையும் ஒரே மேடையில் கௌரவித்தது. அந்த விழாவில் என்ன நடந்தது, அடுத்த விழாவுக்கு எதையெல்லாம் மாற்றினார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்ததால் கூட்டங்களையும் விழாவையும் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. கல்விக்கூடத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். இதே சிக்கல் வடக்கில் பல பாடசாலைகளிலும் பீடங்களிலும் இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற இடங்கள் தங்களுக்கு இதில் வேலையில்லை என்று கடந்துபோய்விடும்.

விழா நடந்த விதம்

வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் நிறைகுடம், மேளவாத்தியத்தோடு விருந்தினர் வரவேற்பு, மங்கல விளக்கு, தேவாரம், மௌன அஞ்சலி, பிறகு வரவேற்புரை. விழா மலர் பளபளப்பான தாளில் அச்சாகியிருந்தது. கௌரவிக்கப்பட்டவர்களில் ஒருவர் வங்கியில் உயர்ந்த பதவிக்குப் போனவர். இன்னொருவர் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் பங்காளர். கனடாவில் தொழில் தொடங்கி நன்றாக வந்த ஒருவரும் இருந்தார். இவர்களோடு விரிவுரை மண்டபத்துக்குக் குளிரூட்டி வாங்கித் தந்தவர், சில மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை அனுப்பும் லண்டன்காரர், அன்றைய விழாச் செலவில் பெரும்பங்கை ஏற்றவர் ஆகியோரும் வரிசையில் நின்றார்கள்.

எல்லோருக்கும் ஒரே பொன்னாடை, ஒரே நினைவுச் சின்னம். அதில் பொறித்திருந்த வாசகமும் ஒன்றுதான்: வணிகத்துறைச் சாதனையாளர்.

சிற்றுண்டி நேரத்தில் அந்த லண்டன்காரர் ஒரு விரிவுரையாளரிடம் கேட்டார்: "தம்பி, நான் அனுப்பிற காசில படிக்கிற பிள்ளையள் இப்ப எந்த வருசம்? ஆராவது முடிச்சு வேலைக்குப் போட்டினமோ?" விரிவுரையாளருக்குத் தெரியவில்லை. பொருளாளரைக் கூப்பிட்டார். பொருளாளரிடம் காசு வந்த திகதிகளும் போன திகதிகளும் இருந்தன, பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. "எல்லாம் நல்லாப் போகுது அண்ணை" என்று சொல்லிச் சமாளித்தார்கள். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்று பொன்னாடைகள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நின்ற இரண்டாம் வருட மாணவி அவருடைய உதவியில் படிப்பவர். காசு யாரிடமிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொன்னதில்லை.

வங்கி அதிகாரிக்கும் மனக்குறை இருந்தது. முப்பது வருட உழைப்புக்குக் கிடைத்த அதே பட்டம் குளிரூட்டிக்கும் கிடைத்ததை அவர் சத்தம் போடாமல், ஆனால் தெளிவாகச் சொன்னார். "அவருக்கும் இது சங்கடம்தான், கேட்டுப் பாருங்கோ" என்றார். கேட்டோம். உண்மைதான். குளிரூட்டி தந்தவர் தான் வணிகத்தில் எதையும் சாதித்ததாக எங்கும் சொல்லிக்கொண்டவர் இல்லை. வெயிலில் பிள்ளைகள் அவிந்துகொண்டு படிப்பதைப் பார்த்து வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அழைப்பிதழே போகாத ஒருவரும் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. இறந்துபோன தம்பியின் நினைவாகக் கணக்கியலில் முதலாவதாக வரும் மாணவருக்குப் பரிசு கொடுக்கும்படி பல வருடங்களுக்கு முன் ஒரு தொகையைக் கல்விக்கூடத்திடம் ஒப்படைத்தவர். குறிப்பிட்ட தொகைக்கு மேல் தந்தவர்களை மட்டும் அழைப்பது என்று முடிவானதால் அவர் பெயர் பட்டியலில் வரவில்லை. அந்தப் பரிசும் சில வருடங்களாகக் கொடுக்கப்படவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த விடயத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நன்றிகள்

ஊர்க் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அன்றைய திருவிழாவின் செலவை ஏற்ற உபயகாரருக்கு எல்லோர் முன்னிலையிலும் காளாஞ்சி என்ற மரியாதைத் தட்டைக் கொடுக்கிறார்கள். அது அவர் அந்த நாளைச் சுமந்ததற்கான மரியாதை. அவரைப் பெரிய சிவஞானி என்று யாரும் சொல்வதில்லை, அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. நாதஸ்வர வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்தும்போது அது வாசிப்புக்கு. அவர் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு மரியாதைகளும் ஒரே வீதியில், ஒரே இரவில் நடக்கின்றன. இருந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கோயிலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம் கல்விக்கூடத்துக்குள் வந்ததும் குழம்பிவிடுகிறோம்.

காரணம் தெரிந்ததுதான். காசு தேவை. மேடையில் ஏற்றினால் காசு தருவார்கள் என்ற நம்பிக்கை. சாதனையாளர் என்று அழைத்தால் கூடுதலாகத் தருவார்கள் என்ற இன்னொரு நம்பிக்கை. ஆனால் சாதனைக்கான மரியாதை தீர்ப்பு சார்ந்தது, ஆராய்ந்து தேர்ந்தெடுத்து ஏன் என்று சொல்ல வேண்டும். கொடைக்கான மரியாதை பொறுப்பு சார்ந்தது, வாங்கியதை என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். அந்த மேடையில் தீர்ப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. பொன்னாடை மட்டும்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விடயத்தில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக ஒரு கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்காகப் பரமேஸ்வராக் கல்லூரியையும் தொடங்கினார். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கியபோது அந்தப் பரமேஸ்வராக் கல்லூரி இடத்தில்தான் அது கால் ஊன்றியது. 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே வணிகமும் முகாமைத்துவமும் படிக்கும் பிள்ளைகள் 1930இலேயே இறந்துபோன ஒருவருடைய கொடையில் நடமாடுகிறார்கள். திருநெல்வேலியில் கட்டியதற்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. ஆனாலும் இராமநாதனை மறந்துவிட்டு அந்த வளாகத்தின் கதையைச் சொல்ல முடியாது.

வட்டுக்கோட்டையைப் பாருங்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய செமினறி என்ற உயர்கல்விக்கூடத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். செமினறி மூடப்பட்ட பிறகு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. அதற்கான நிதியை அமெரிக்காவில் ஓர் அறங்காவலர் சபை வைத்துப் பராமரித்தது. முதல் தொகையைத் தொடாமல் அதன் வருமானத்தில் கல்விக்கூடத்தை நடத்துவது என்ற முறை இந்த மண்ணுக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது.

அமெரிக்க வணிகக் கல்விக்கூடங்களை மேற்கோள் காட்டுவது நம் கூட்டங்களில் வழக்கம். சரி, அவற்றையும் பார்ப்போம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வோர்ட்டன் கல்விக்கூடம் 1881இல் ஜோசப் வோர்ட்டன் தந்த 1,00,000 டொலரில் தொடங்கியது. டார்ட்மத்தில் 1900இல் டக் கல்விக்கூடம் வந்தபோது எட்வேர்ட் டக் தந்தது ஏறத்தாழ 3,00,000 டொலர் பெறுமதியான ரயில்வே நிறுவனப் பங்குகள். பெயர் அவருடையது அல்ல, தகப்பன் ஏமஸ் டக்கினுடையது. ஹார்வர்ட் வணிகக் கல்விக்கூடத்துக்கு ஜோர்ஜ் பேக்கர் என்ற வங்கியாளர் 1924இல் 50 இலட்சம் டொலர் கொடுத்தார். அவர் அங்கே படித்தவர் அல்லர். நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது. பழைய மாணவர்களின் சாதனைக்கு விருது கொடுக்கும் வழக்கம் அங்கே 1968இல்தான் தொடங்கியது, அதுவும் தனி விருதாக. கொடைக்கு ஒரு வழி, சாதனைக்கு வேறு வழி.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துடையது. 2007இல் அதன் வணிகக் கல்விக்கூடத்துக்கு 13 பழைய மாணவர்கள் சேர்ந்து 8.5 கோடி டொலர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: குறைந்தது 20 வருடங்களுக்கு அந்தக் கல்விக்கூடத்துக்கு எந்தக் கொடையாளரின் பெயரையும் வைக்கக்கூடாது. பெயரை விற்காமல் இருக்கக் காசு கொடுத்தார்கள். இதைச் செயற்குழுவில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அந்தப் பதின்மூண்டு பேரிலை ஒருத்தரை எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்த 20 வருடம் என்ற கணக்கு மனதில் தங்கிவிட்டது, பின்னால் உதவியது.

ஆசிரியையின் பரிசுக்கு என்ன நடந்தது

நினைவுப் பரிசு நிதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் உருவாகின்றன. குடும்பம் ஒரு தொகையைத் தருகிறது. கல்விக்கூடம் அதை வங்கியில் நிலையான வைப்பில் போடுகிறது. வருட வட்டியில் பதக்கமோ காசுப் பரிசோ கொடுக்கிறது. முதல் அப்படியே இருக்கும், பரிசு என்றென்றைக்கும் நடக்கும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. வணிகம் படிப்பிக்கும் இடத்திலேயே இந்த நம்பிக்கையை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு கணக்குக்கு, 1985இல் ஒருவர் 1,00,000 ரூபா தந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 27 ரூபா. ஆக அந்தக் கொடை 3,700 டொலர் அளவு. இன்று டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கிறது. வட்டி முழுவதையும் வருடாவருடம் செலவழித்துவிட்டு முதலை மட்டும் வைத்திருந்தால் கையில் இருப்பது 330 டொலரளவு. தங்கத்தில் பார்த்தால் இன்னும் மோசம். அந்த நாளில் ஒரு லட்சம் ரூபாவுக்கு முப்பது பவுணுக்கு மேல் வாங்கியிருக்கலாம், அதன் ஒரு வருட வட்டியில் பவுண் கணக்கில் பதக்கம் செய்யலாம். இன்று முழு முதலும் ஒரு பவுணுக்குக் காணாது. பதக்கம் முதலில் மெலிந்து, பிறகு முலாம் பூசியதாகி, பிறகு சான்றிதழாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது இப்படித்தான்.

2022 இந்தச் சரிவை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது. அந்த வருட ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி வருடப் பணவீக்கம் 69.8 சதவீதம். அப்போது நிலையான வைப்பு வட்டியும் 20 சதவீதத்தைத் தாண்டியது. நமது கல்விக்கூடத்திலும் வட்டி கூடக் கிடைத்ததே என்று அந்த வருடங்களில் நல்ல பரிசு கொடுத்தார்கள். விலைவாசி அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கூடுதல் வட்டியை முதலோடு சேர்த்திருக்க வேண்டிய நேரம் அது. பிறகு வட்டி விழுந்தது. ஆசிரியையின் நிதியிலிருந்து கிடைத்த தொகை ஒரு நல்ல புத்தகம் வாங்கவும் போதாமல் போனதும் பரிசை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி அவருக்குக் கடிதம்கூடப் போடவில்லை.

விழாவுக்குப் பிறகு செயற்குழுவிலிருந்து நாங்கள் சிலர் அவருடைய வீட்டுக்குப் போனோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளையள், காசு காணாட்டிச் சொல்லியிருக்கலாமே. நான் இன்னும் கொஞ்சம் போட்டிருப்பன்." அந்தப் பேச்சு எங்களை உலுக்கியது. பெரிய கொடையாளரைத் தேடி ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள், சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு கொடையாளரின் பரிசைச் சாகவிட்டிருந்தோம்.

யார் சாதனையாளர்

தேர்வு பற்றிய விவாதம் நீண்டது. முதல் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும்: எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் உயர்ந்தவர்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் வணிகம் படித்தவரின் சாதனைக்கு அளவுகோல் பதவியும் சம்பளமும் மட்டும்தானா?

போர்க்காலத்தில், 1990இல், குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பட்டியல் நீண்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அந்தக் காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் நிவாரணப் பொருட்களைக் குடும்பம் குடும்பமாகப் பங்கிட்டன. ஜாம் போத்தல் விளக்கில் பதிவேடு எழுதி, ஒரு சுண்டு அரிசிக்கும் கணக்குக் காட்டிய முகாமையாளர்களில் நம்முடைய வணிகப் பட்டதாரிகளும் இருந்தார்கள். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் கூட்டமாக வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வீட்டுச் சாமானை விட்டுவிட்டுச் சங்கத்தின் கணக்கேடுகளைக் காவிக்கொண்டு போன ஒருவரைப் பற்றி எங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னார். விநியோக முகாமைத்துவம் பற்றி வகுப்பில் எத்தனையோ வெளிநாட்டு நிறுவனங்களை உதாரணம் காட்டுகிறோம். அந்த மனிதரை ஒரு நாளும் வகுப்புக்கு அழைத்ததில்லை.

கூட்டுறவை இங்கே லேசாக நினைத்துவிடக் கூடாது. 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நடத்திய மண் இது. நகரின் நடுவில் நாம் எல்லாக் கூட்டங்களையும் நடத்தும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தனியார் தொழிலிலும் அப்படித்தான். மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசா உழைத்ததில் ஒரு பங்கைப் பனை நடுகைக்கும் பிரசுரங்களுக்கும் செலவிட்டதைப் பழையவர்கள் இன்றும் பேசுகிறார்கள். சாதனையும் கொடையும் ஒரே ஆளில் சேர்வதும் உண்டு. அப்போதும் எதற்காகக் கௌரவிக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த விழாவுக்கு இப்படி முடிவு செய்தார்கள். பழைய மாணவர் விருது மூன்று பேருக்கு மேல் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தில் காரணம் எழுதிப் பெயரைப் பிரேரிக்கலாம். தன்னைத் தானே பிரேரிக்க முடியாது. தெரிவுக்குழுவில் ஒரு விரிவுரையாளர், ஒரு மாணவர், கல்விக்கூடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர். யார் எவ்வளவு தந்தார் என்று தெரிந்த பொருளாளர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. தெரிவானவருக்கு என்ன காரணத்துக்காக விருது என்பதை மேடையில் ஒரு பந்தியாக வாசிக்க வேண்டும். அந்தப் பந்தியை வேறொருவருக்கும் பொருத்த முடிந்தால் திருப்பி எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கொண்டுவந்தவர் மாணவப் பிரதிநிதி, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

அப்புறம், விருது பெறுபவர் ஏற்புரை ஆற்றிவிட்டுப் போகாமல் மறுநாள் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். தன் தொழிலில் எடுத்த ஒரு கடினமான முடிவைக் கணக்குகளோடு மாணவர் முன் வைக்க வேண்டும். அந்த முதல் வருடத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதி செய்து விற்கும் ஒரு பழைய மாணவி வந்திருந்தார். அவரிடம் வேலை செய்பவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். கொழும்புப் பல்பொருள் அங்காடி ஒன்று பெரிய கட்டளை கொடுத்து, காசை மூன்று மாதம் கழித்துத் தருவதாகச் சொன்னபோது ஏன் மறுத்தார் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். கிழமைச் சம்பளத்தில் வாழும் பெண்களை வைத்துக்கொண்டு மூன்று மாதக் கடன் கொடுக்க முடியாது என்பதை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. மாணவர்கள் நேரம் முடிந்தும் விடவில்லை.

கொடையாளருக்கு ஒரு தாள்

கொடையாளர் பக்கத்தில் மாற்றம் இன்னும் எளிமையானது. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு தாள் போகிறது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அதில் முதலோடு சேர்த்தது எவ்வளவு, செலவு எதற்கு, எத்தனை மாணவர்கள், எந்த வருடத்தில் படிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள். சங்கத்தின் கணக்காய்வாளர் கையொப்பமிட்ட பிறகுதான் அது போகும். பெயர் வெளியே வர விரும்பாதவருக்கும் தாள் போகும்.

விழா மலரில் கொடையாளர் பெயர்கள் அகரவரிசையில், தொகை இல்லாமல். பெரிய தொகை தந்தவர்கள் கோவிப்பார்கள் என்று செயற்குழுவில் மூத்தவர் ஒருவர் எச்சரித்தார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒருவர் விலகிக்கொண்டார், விழாச் செலவை ஏற்க வழக்கமாக முன்வருபவரும் அந்த வருடம் முன்வரவில்லை. அதனால் விழா சிறுத்தது. வெளி மண்டபத்துக்குப் பதிலாகக் கல்விக்கூட விரிவுரை மண்டபம், குளிரூட்டி தந்தவருக்கு நன்றி. மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக வடையும் தேத்தண்ணியும். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. மறுபக்கத்தில், சிறு நினைவு நிதிகளை ஒப்படைத்த குடும்பங்கள் தாளைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே முதலைக் கூட்டின. ஆசிரியை தன் ஓய்வூதியத்திலிருந்து போட்டார். அவருடைய முன்னாள் மாணவர்கள் கேள்விப்பட்டு அவர்களும் போட்டார்கள். கணக்கியல் பரிசு திரும்பவும் கொடுக்கப்படுகிறது. வட்டியில் ஒரு பகுதி ஒவ்வொரு வருடமும் முதலோடு சேர்கிறது. மிகச் சிறிய நிதிகளை, குடும்பங்களின் சம்மதத்தோடு, ஒரே நிதியமாகச் சேர்த்து, பெயர்களை மட்டும் தனித்தனியே வைத்துப் பரிசுகளை முறைவைத்துக் கொடுக்கிறார்கள்.

நான் உறுதியாக நின்ற இடம் ஒன்று உண்டு: உதவி பெறும் மாணவரை மேடையேற்றி, கொடையாளர் கையால் காசோலை வாங்கவைத்துப் படமெடுக்கும் பழக்கம். நம் ஊரில் இது சர்வசாதாரணம், படம் அன்றிரவே முகநூலில் ஏறிவிடும். தகப்பனை இழந்த பிள்ளை என்று ஒலிவாங்கியில் சொல்லிக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் சகமாணவர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் யாரும் இதைக் கேட்டதாக நான் அறியவில்லை, ஏற்பாட்டாளர்கள் தாங்களாகச் செய்வதுதான். அதை நிறுத்த வேண்டும் என்று வாதாடினேன். நிறுத்தியாயிற்று.

ஆனால் கொடையாளரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறியாமலே இருப்பதும் சரியில்லை. ஆகவே விழா நாளின் காலையில் கொடையாளர்களும் மாணவர்களும் பொதுவாக ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கும் ஒரு நேரம் வைத்தார்கள். யார் யாருடைய உதவியில் படிக்கிறார் என்று அங்கே சொல்வதில்லை. உதவி பெறாத மாணவர்களும் வருவார்கள். தாங்களாக விரும்பும் மாணவர்கள் தங்கள் கொடையாளருக்குக் கடிதம் எழுதலாம், எழுதாவிட்டால் உதவி நிற்காது. தட்டைப் பிடித்திருந்த அந்த மாணவி எழுதினார். என்ன எழுதினார் என்று நாங்கள் பார்க்கவில்லை. லண்டன்காரர் அடுத்த தவணை அனுப்பும்போது இன்னும் ஒரு பிள்ளைக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

பெயர்ப்பலகை

ஒரு விடயம் இன்னும் முடியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் கணினி ஆய்வுகூடம் முழுவதையும் புதுப்பித்துத் தர முன்வந்திருக்கிறது. தாயின் பெயரை அதற்கு நிரந்தரமாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். ஆமிக்கும் ஷெல்லுக்கும் இடையில் நான்கு பிள்ளைகளைப் படிப்பித்தவர், தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இப்படியொரு பெயர் ஒரு கதவில் இருப்பதில் எனக்கு முழு விருப்பம்.

சிக்கல் "நிரந்தரமாக" என்ற இடத்தில். கணினிகள் ஐந்தாறு வருடங்களில் பழசாகும். மின்கட்டணம், பழுதுபார்ப்பு, மென்பொருள் உரிமம் எல்லாம் கல்விக்கூடத்தின் தலையில். பத்து வருடம் கழித்து அதே அறையைத் திருத்த இன்னொருவர் வந்தால் அவருக்கு என்ன பெயர் கொடுப்பது? விஸ்கான்சின்காரரின் 20 வருடம் இங்கேதான் கைகொடுத்தது. பெயர் 20 வருடத்துக்கு. அதற்குப் பிறகு புதுப்பிக்கும் முதல் உரிமை அதே குடும்பத்துக்கு. அவர்கள் புதுப்பிக்காவிட்டாலும் அந்த அம்மாவின் பெயரும் கதையும் சுவரில் ஒரு கல்வெட்டாக இருக்கும், அறையின் பெயர் மட்டும் மாறலாம். கொடையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று முதலாக ஒதுக்கி, அதில் பாதியை வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைக்க வேண்டும். இவற்றை எழுதி அனுப்பினோம்.

குடும்பம் 20 வருடத்தை ஏற்றுக்கொண்டது. பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில் ரொறொன்ரோவில் இருக்கும் மூத்த மகளும் மெல்பேர்ணில் இருக்கும் கடைசி மகனும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மகளுக்குக் கணினிகளின் எண்ணிக்கை குறையக்கூடாது, மகனுக்குப் பராமரிப்புப் பணம் குறையக்கூடாது. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு ஒரு தாள் தயாரித்து இருவருக்கும் அனுப்பும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் முதல் விடயம் அதுதான்.